பழக்கம் இல்லை

எங்க பெரியப்பாவோட வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தது 1987இல். சாகுற வரைக்கும் டிரங்குப் பெட்டியில அவரு வச்சிருந்த ஆஸ்பத்திரிச் சீட்டு இப்போது என்னிடம் இருக்கிறது. பெயர், வயசு, தொழில் விவசாயக் கூலி. அதற்குக் கீழே ஒரு வரி: செருப்பு அணியும் பழக்கம் இல்லை.

எங்களுடையது செருப்புத் தைத்த குடும்பம். ஊரில் இருந்த அத்தனை சம்சாரிகளின் காலுக்கும் தாத்தாதான் தோல் அறுத்து வார் வச்சுக் கொடுத்தார். கூலி, அறுப்புக் களத்துல தானியமா வரும். தைச்சவரு அந்தத் தெருவுல செருப்போட நடந்தா கட்டி வச்சு அடிப்பாங்க. காட்டுக்குப் போற பாதையோ அந்தத் தெரு வழியாத்தான். கையில தூக்கிட்டுப் போயி அப்புறம் போட்டா என்னன்னு கேப்பீங்க. அதுக்கும் ஏச்சு விழும். பெறகு எவன் போடுவான்? உள்ளங்காலே தோலாப் போச்சு.

பெரியப்பா காலில் ஏறியது கருவேல முள். பிடுங்கி எறிஞ்சிட்டு வேலையப் பாத்தார். வருசம் கழிச்சுப் பாதத்துல சின்னக் கட்டி. வலி இல்லை. இந்த நோயின் சூதே அதுதான். வலித்திருந்தால் கூலிக்காரனும் வைத்தியரைத் தேடியிருப்பான். பாதம் வீங்கி, பல இடத்தில் புரை வைத்து, சீழோடு கடுகு போலக் கறுப்புக் குருணை வந்தது. ஆனைக்கால் என்றார்கள், செய்வினை என்றார்கள். எட்டு வருசம் அந்தக் காலோடதான் வேலைக்குப் போனார்.

மருத்துவத்தில் இந்த நோய்க்கு எங்க பக்கத்து ஊர்ப் பேருதான். 1842இல் மதுரையில் கில் என்ற வெள்ளைக்கார மருத்துவர் இதை எழுதி வைத்தார். 1846இல் கோல்புரூக் ‘மதுரா கால்’ என்றார். பம்பாயில் வான்டைக் கார்ட்டர் 1860 முதல் ஆராய்ந்து, பூஞ்சைதான் காரணம் என்று சொன்னார். 1905இல் பிரெஞ்சுக்காரர் புரூம்ப்ட் ஒரு பூஞ்சை இனத்துக்கு ‘மதுரெல்லா’ என்றே பெயர் வைத்தார். நல்ல பேருதான், பொம்பளப் பிள்ளைக்கு வைக்கலாம்.

எல்லாக் காலிலும் பூஞ்சைதான் என்றில்லை, பாக்டீரியாவாலும் வருகிறது. அதுவானால் மருந்து ஓரளவு கேட்கும். பூஞ்சையானால் இட்ரகோனசோல் மாத்திரை தினம் இரண்டு வேளை, ஒரு வருசத்துக்குக் குறையாமல் விழுங்க வேண்டும். அப்படியும் திரும்ப வரும். ஆகவே ஆராய்ச்சி வீண் என்று நான் சொல்லவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2016இல்தான் இதைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களில் சேர்த்தது. இந்நோய் மிகுந்த சூடானில், வாரம் ஒரு முறை விழுங்கும் மருந்தைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். கூலிவேலைக்குப் போகிறவருக்கு அது எவ்வளவு பெரிய விசயம்.

ஆனால் காரணம் என்பது எது? பூஞ்சைக்குச் சாதி தெரியாதே, வெறுங்காலோடு உழுத சம்சாரிக்கும்தானே வந்தது என்று ஒரு நண்பர் கேட்டார். உண்மைதான். முள், ரப்பர் செருப்பையும் துளைக்கும். விறகு சுமக்கிறவர் முதுகிலும் இது வருவதுண்டு. ஆனா சம்சாரி வெறுங்காலா நடந்தா அது அவரு இல்லாமை, இல்லேன்னா அவரு இஷ்டம். எங்களுக்கு அது ஊர்க்கட்டளை.

பூஞ்சை மண்ணில் எப்போதும் கிடக்கிறது. முள்ளும் கிடக்கிறது. அன்றைக்கே மனுசன் நினைத்திருந்தால் மாற்றியிருக்கக்கூடியது அந்தத் தெருவின் கட்டளை ஒன்றுதான். அதைக் காரணத்தில் சேர்க்காமல் ‘பழக்கம்’ என்று எழுதிவிட்டால் பழி நோயாளி தலையில் விழுந்துவிடுகிறது. அந்தச் சீட்டை எழுதினவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். செருப்புப் போடுவியா என்று கேட்டிருப்பார், இல்லீங்க சாமின்னு பெரியப்பா சொல்லியிருப்பார். ஏன் என்று இன்னொரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்டாலும் பெரியப்பா சொல்லியிருப்பாரா என்பது சந்தேகம். வெளியே பெஞ்சில் ஊர்க்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

இப்போ பெரியப்பா மகன் சூ போட்டுக்கிட்டுத்தான் காட்டுக்குப் போறான். அந்தத் தெருமுனை வந்தா பெரியம்மா மட்டும் இன்னமும் அவன் காலையும் திண்ணையையும் மாறி மாறிப் பாக்குது.