கல் இருந்த இடம்

எங்கள் ஊரில் வரப்புத் தகராறு வந்தால் முதலில் கல்லைத் தேடுவார்கள். சர்வேயர் சங்கிலியை விரிப்பதற்கு முன்பே தலையாரி கடப்பாரையோடு வேலியோரம் குத்திக்கொண்டே வருவார். ஒரு முறை முழங்கை ஆழத்தில் 'ணங்' என்றது. மண்ணைத் தள்ளி, தோள் துண்டால் துடைத்ததும் கல்லின் தலையில் செதுக்கிய குறி தெரிந்தது. அதுவரை எகிறிக்கொண்டிருந்த இரண்டு பங்காளிகளும் வாயை மூடிக்கொண்டார்கள்.

அந்தக் கல்லைத் தாங்கும் பூமியே நகர்ந்திருந்தால் என்ன செய்வது? கலிஃபோர்னியாவில் அப்படித்தான் நடந்தது. 1906 ஏப்ரல் 18, விடியற்காலை. சான் பிரான்சிஸ்கோவை அழித்த அந்த நிலநடுக்கத்தில் ஏறக்குறைய 470 கிலோமீட்டர் நீளத்துக்கு நிலம் கிழிந்தது. பிளவைக் குறுக்கே கடந்து நேராகப் போன ஒரு வேலி, இரண்டு துண்டாகி, இரண்டரை மீட்டர் விலகி நின்றது.

அங்கும் கல்லைத்தான் தேடிப் போனார்கள். 1850களிலிருந்தே வரைபடத்துக்காக மலையுச்சிகளையும் கலங்கரை விளக்கத்தையும் முக்கோணங்களாகக் கோத்து அளந்து வைத்திருந்தார்கள். அதே புள்ளிகளை மறுபடி அளந்தபோது, பிளவருகே இருந்தவை மீட்டர்க்கணக்கில் துள்ளியிருந்தன. தள்ளிப் போகப் போகத் துள்ளல் குறைந்தது. வெகு தொலைவில் இருந்தவையோ, நடுக்கத்துக்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே மெல்ல நகர்ந்துகொண்டிருந்தன. புவி இயற்பியலாளர் ஹாரி ஃபீல்டிங் ரீட் 1910இல் இந்தக் கணக்கிலிருந்து சொன்னது இதுதான்: பாறை மூங்கில் கழியைப் போல வளைகிறது, தாங்க முடியாத நாளில் விடுபட்டு நிமிர்கிறது. அந்த நிமிர்வைத்தான் நாம் நிலநடுக்கம் என்கிறோம்.

பொறுமைக்கு நாம் பூமாதேவியைச் சொல்வோம். பொறுப்பவள் அசையாமல் இருக்கிறாள் என்று எப்படியோ நினைத்துக்கொண்டோம். அவள் பொறுத்ததெல்லாம் வளைவாகச் சேர்ந்துகொண்டிருக்கிறது. இந்திய நிலத்தட்டு ஆண்டுக்குச் சுமார் 5 சென்டிமீட்டர் வடகிழக்காகப் போகிறது. அதில் ஏறத்தாழ 2 சென்டிமீட்டரை, ஒரு விரல் அகலத்தை, இமயமலை தன்னுள் வாங்கிக்கொள்கிறது. நூறு ஆண்டில் அது ஓர் ஆள் உயரத்தையும் தாண்டும். 2015இல் நேபாள நிலநடுக்கத்தில் விடுபட்டது, அப்படிச் சேர்ந்ததில் ஒரு பங்கு மட்டுமே. இன்று ஜி.பி.எஸ். கருவிகள் மில்லிமீட்டர் நகர்வையும் பிடித்துவிடுகின்றன. ஆனாலும் நூறு ஆண்டுக் கதையைச் சொல்ல, நூறு ஆண்டுக்கு முன் யாராவது அளந்திருக்க வேண்டும்.

நம் பக்கத்திலும் அளந்தார்கள். 1802இல் சென்னைப் பரங்கிமலை அருகே அளவையாளர் லாம்ப்டன் சங்கிலி பிடித்துத் தொடங்கிய வேலை இமயம் வரை போனது. அந்த அளவையின் 1864ஆம் ஆண்டுப் புள்ளிகள் சிலவற்றைத் தென்னிந்தியாவில் 1994இல் ஜி.பி.எஸ். கொண்டு மறுபடி அளந்தார்கள். 130 ஆண்டில் நிலம் சொல்லும்படியாக உருமாறவில்லை. இந்த 'இல்லை'யைச் சொல்லவும் இரண்டு தலைமுறை உழைப்பு வேண்டியிருந்தது. முதலில் அளந்தவர் தன் வாழ்நாளில் எந்த நகர்வையும் பார்த்திருக்க மாட்டார். பூமியின் அசைவு ஒரு மனிதனின் கண்ணுக்கு அகப்படுவதில்லை. ஒருவர் வைத்துவிட்டுப் போன குறியிடம் இன்னொருவர் திரும்பி வரும்போதுதான் அது வெளிப்படுகிறது. சாலையை அகலப்படுத்துகிறோம் என்று பழைய அளவைக்கல்லைப் பிடுங்கி எறிவதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிவது அதனால்தான்.

அன்று அளந்து முடிந்ததும் எல்லோரும் கலைந்துவிட்டார்கள். தலையாரி மட்டும் கல்லைச் சுற்றி மண்ணை அள்ளிப் போட்டு, காலால் மிதித்துக் கெட்டிப்படுத்தி, அடையாளத்துக்குப் பக்கத்தில் ஒரு கிளுவைக் குச்சியை ஊன்றிக்கொண்டிருந்தார்.