காணும் கண்ணும் காட்டும் கண்ணும்

தொலைக்காட்சி வளர்ந்த காலத்தில் காமிரா கட்டுண்ட பொருளாகவே இருந்தது. அதன் பின்புறத்திலிருந்து ஒரு தடித்த வடம் புறப்பட்டு, வெளியே நிற்கும் ஒளிபரப்பு ஊர்தி வரை ஓடும். காமிராவுக்கு வேண்டிய மின்சாரமும், அது பிடித்த படமும், இயக்குநர் இடும் கட்டளையும் அந்த வடத்தின் வழியாகவே போய் வந்தன. ஒளிப்பதிவாளர் பத்தடி நகர்ந்தால், வடத்தைச் சுருட்டியும் நீட்டியும் கொடுக்க அவர் பின்னால் ஓர் ஆள் ஓட வேண்டும். (மேடையில் ஆடுபவரைக் காட்டிலும் அந்த ஆளின் பாடே பெரும்பாடு.) வடம் எட்டாத இடத்தைக் காமிரா காணவில்லை, காமிரா காணாததை மக்களும் காணவில்லை.

இன்று அந்தக் கட்டு அறுந்துவிட்டது. காமிராவின் முதுகில் பொருத்திய சிறு கருவி படத்தை நுண்ணலையாக்கி வெளியே விடுகிறது. அரங்கைச் சுற்றிலும் நிற்கும் அலைவாங்கிகள் அதனைப் பற்றிக்கொள்கின்றன. முன்பெல்லாம் சுவரில் பட்டுத் திரும்பும் அலை படத்தைக் குலைத்தது. எண்முறை வந்தபின், ஒரே படம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறு அலைகளில் பகிர்ந்து அனுப்பப்படுவதால், திரும்பும் அலையும் துணையாகவே வந்து சேர்கிறது. பிரான்சு நாட்டின் மிதிவண்டிப் பெரும்போட்டியில் மோட்டார் சைக்கிளில் செல்லும் காமிராவின் படம், வானத்தில் பறக்கும் ஹெலிகாப்டருக்கும் விமானத்துக்கும் ஏறிப் பின்னர் தரைக்கு இறங்குகிறது. மலைச்சரிவில் வியர்வை வழியும் வீரனின் முகத்தை வீட்டுக் கூடத்தில் அமர்ந்து காண முடிவது இதனால்தான். இது பெரும்பேறு என்பதை மறுப்பார் இலர்.

ஆயினும் வடம் இருந்தபோது, எவரும் வகுக்காமலே ஒரு வரம்பும் இருந்தது. துயருற்றவர் அருகே காமிரா செல்லாதிருந்தது பல வேளைகளில் பண்பினால் அன்று, வடம் எட்டாமையால். எட்டாமை போனபின் அந்த வரம்பை யார் வகுப்பது? செல்ல இயலும் என்பதாலேயே செல்லத் தகும் என்று ஆகிவிடுமா?

இவ்வினா புதியதன்று. 1974ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் அது எழுந்தது. அவ்வாண்டு பிப்ரவரி 4ஆம் நாள், செய்தித்தாள் அதிபர் குடும்பத்தைச் சேர்ந்த பத்திரிசியா ஹர்ஸ்ட் என்னும் 19 வயது மாணவியைச் சிம்பயனீஸ் விடுதலைப் படை என்னும் சிறு ஆயுதக் குழு கடத்திச் சென்றது. இரு மாதம் கழித்து அவர் அக்குழுவிலேயே சேர்ந்துவிட்டதாக அறிவித்தார். மே 17ஆம் நாள் மாலை, குழுவினர் ஒளிந்திருந்த வீட்டை நூற்றுக்கணக்கான காவலர் சூழ்ந்தனர். அப்போதுதான் புழக்கத்துக்கு வந்துகொண்டிருந்த, தூக்கிச் செல்லத்தக்க சிறு காமிராவுடன் கே.என்.எக்ஸ்.டி. நிலையத்தார் அங்கே சென்றனர். படச்சுருளைக் கழுவும் வரை காத்திருக்கத் தேவையில்லை. நுண்ணலை வழியே படம் உடனுக்குடன் நிலையத்தை அடைந்தது. நாடே பார்த்தது. துப்பாக்கிச் சண்டை, கண்ணீர்ப்புகை, பின்னர் தீ. வீடு எரிந்து வீழ்ந்தது. உள்ளே இருந்த அறுவர் மாண்டனர்.

பார்த்தவர்களுள் கடத்தப்பட்ட பெண்ணின் தாயும் தந்தையும் இருந்தனர். மகள் அந்த வீட்டினுள் இருக்கிறாளா என்பது அவர்களுக்குத் தெரியாது. காமிராவைத் தாங்கி நின்றவருக்கும் தெரியாது. பிணங்கள் அடையாளம் காணப்பட்ட பின்னரே அவர் அங்கு இல்லை என்பது உறுதியாயிற்று. அவரோ டிஸ்னிலாந்துப் பூங்காவுக்கு அருகே ஒரு விடுதி அறையில் அமர்ந்து, தம் கூட்டாளிகள் எரிவதை அதே தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தார்.

காமிராவின் சார்பில் சொல்லத்தக்கது உண்டு. அது எளிதில் தள்ளத்தக்கதும் அன்று. நூற்றுக்கணக்கான காவலர் ஒரு வீட்டை நோக்கிச் சுடும்போது ஊர் பார்த்துக்கொண்டிருப்பது நல்லதே. அதிகாரிகளின் அறிக்கையை மட்டும் நம்பியிருப்பவரைவிட, கண்ணால் கண்டவர் துணிந்து கேள்வி கேட்பார். நேரடியாகச் செல்லும் படத்தை எந்தக் கத்தரிக்கோலும் முந்திக்கொள்ள இயலாது.

ஆனால் சாட்சிக்கு வேண்டியது உண்மை. அந்த நொடியே வேண்டும் என்பதில்லை. தீப்பற்றிய பின் எடுத்த படத்தைச் சில நிமிடம் கழித்துக் காட்டியிருந்தால் உண்மை எள்ளளவும் குறைந்திராது. அந்தச் சில நிமிடங்களில் பெற்றோருக்கு முன்னதாக ஒரு சொல்லாவது சொல்லி அனுப்பியிருக்கலாம். கண்டதற்கும் காட்டுவதற்கும் நடுவே மனச்சான்று நிற்பதற்கு ஓர் இடம் உண்டு. நேரடி ஒளிபரப்பு அந்த இடத்தையே பறித்துக்கொள்கிறது. தாமதம் சேர்க்க நிலையங்கள் அறியாதவையும் அல்ல. 2004 பிப்ரவரி 1ஆம் நாள் அமெரிக்கக் கால்பந்து இறுதியாட்டத்தின் இடைவேளை நிகழ்ச்சியில் பாடகி ஒருவரின் ஆடை ஒரு கணம் விலகியது. அம்மாத இறுதியில் நடந்த ஆஸ்கர் விழா சில நொடித் தாமதத்துடனேயே ஒளிபரப்பாயிற்று. ஆடை விலகியதற்கு நான்கு வாரத்தில் கிடைத்த நொடிகள், சாவுக்கு அத்துணை எளிதில் கிடைப்பதில்லை.

தமிழில் இரக்கத்துக்குக் கண்ணோட்டம் என்றும் ஒரு பெயர் உண்டு. திருவள்ளுவர் அதற்கென 58ஆம் அதிகாரத்தை வகுத்தார். அதை அவர் துறவறத்தில் அருளுடைமையோடு வைக்காமல், பொருட்பாலில், அரசனுக்குரிய இயல்புகளின் நடுவே வைத்திருப்பது எண்ணத்தக்கது. காணும் கண் எல்லார்க்கும் உண்டு. காண்பதோடு பிறர் நிலையை முடிவு செய்யவும் வல்லவனிடமே அது மிகுதியும் வேண்டும் எனக் கருதினார் போலும். நேரடி ஒளிபரப்பில் அவ்வல்லமை, திரைகள் நிறைந்த ஊர்தியில் அமர்ந்து எந்தப் படம் போகட்டும் என்று நொடிக்கு நொடி ஆணையிடும் இயக்குநரிடம் இருக்கிறது. காமிராவைத் தாங்குபவர் அவர் சொற்படி நடப்பவரே. எனினும் அழுகின்ற முகத்தை நெருங்குவதா விலகுவதா என்பதில் அவர் கைக்கும் பங்குண்டு.

2021 ஜூன் 12ஆம் நாள், கோப்பன்ஹேகன் நகரில் ஐரோப்பியக் கிண்ணப் போட்டியில் டென்மார்க்கும் பின்லாந்தும் ஆடின. முதற்பாதி முடியும் தறுவாயில் டென்மார்க் வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் இதயம் நின்று தரையில் சாய்ந்தார். மருத்துவர்கள் அவர் மார்பை அழுத்தி உயிரை மீட்கப் போராடினர். ஒளிபரப்பு உடனே விலகவில்லை. திடலுக்கு இறங்கிவந்து அழுத அவர் துணைவியையும் உலகம் கண்டது. பிரிட்டனின் பி.பி.சி. பின்னர் நேயர்களிடம் வருத்தம் தெரிவித்தது. எரிக்சன் பிழைத்தார், மறு ஆண்டே மீண்டும் ஆடவும் வந்தார்.

அந்த நிமிடங்களில் ஊர்தியிலிருந்து வராத ஆணையைத் திடலில் நின்றவர்களே தமக்கு இட்டுக்கொண்டனர். டென்மார்க் வீரர்கள் விழுந்தவரைச் சுற்றி வட்டமாக நின்றனர். அவர்களுட் பலர் அவரை நோக்காமல் வெளிப்புறம் பார்த்து நின்றனர், சிலர் அழுதனர். அவரைத் தூக்கிச் சென்றபோது மறைப்பாகப் பிடித்த துணிகளுள் எதிரணியான பின்லாந்தின் கொடியும் இருந்தது.