மாவுக் கோழியும் வெள்ளிப் பறவையும்

1944-ஆம் ஆண்டின் பிற்பகுதி. ஜெர்மனி போரில் தோற்றுக்கொண்டிருந்த நேரம். சுமார் 400 பக்கத்தில் ஓர் அறிக்கை, ரகசிய முத்திரையோடு, ஏறத்தாழ நூறு பிரதிகள் மட்டும் தயாராகி உயர் அதிகாரிகளின் மேசைகளுக்குப் போனது. எழுதியவர்கள் இருவர்: ஓய்கன் சேங்கர் என்ற பொறியாளர், ஐரீன் பிரெட் என்ற இயற்பியல் அறிஞர். பொருள், நெடுந்தூரக் குண்டுவீச்சு விமானத்துக்கு ராக்கெட் இன்ஜின் பொருத்துவது. பக்கத்துக்குப் பக்கம் சமன்பாடுகள், வளைகோடுகள், அட்டவணைகள். அவற்றின் நடுவே ஒரு படம், நியூயார்க்கின் மன்ஹாட்டன் தீவு. வானத்திலிருந்து போடும் குண்டுகள் அந்தத் தெருக்களில் எங்கெங்கே சிதறி விழும் என்பதை அந்தப் படம் காட்டுகிறது.

அந்த விமானம் கட்டப்படவே இல்லை.

‘சில்பர்ஃபோகல்’ என்று அதற்குச் செல்லப் பெயர். தமிழில் சொன்னால் வெள்ளிப் பறவை. நீளம் 28 மீட்டர், இறக்கை 15 மீட்டர், புறப்படும்போது எடை 100 டன். அதில் பெரும்பகுதி எரிபொருளும் திரவ ஆக்சிஜனும்தான். 3 கிலோமீட்டர் நீளத் தண்டவாளத்தில் ஒரு ராக்கெட் வண்டி அதைத் தள்ளிவிட, பிறகு சொந்த இன்ஜினைப் பற்றவைத்து மணிக்கு சுமார் 22,000 கிலோமீட்டர் வேகத்தை எட்டிக் காற்று மண்டலத்துக்கு வெளியே போய்விட வேண்டும். அதன் பிறகு நடப்பதுதான் விந்தை. குளத்தில் ஓட்டாஞ்சில்லைச் சாய்வாக எறிந்தால் தண்ணீரைத் தொட்டுத் தொட்டுத் தத்திப் போகுமே, அதுபோல இந்தப் பறவை காற்று மண்டலத்தின் மேல்விளிம்பைத் தொட்டுத் தொட்டு எழும்பி உலகின் மறுபக்கம் வரை போகும். வயிற்றில் குண்டு, உள்ளே ஒரே ஒரு விமானி.

இப்படிக் கட்டப்படாமல் போன விமானங்களைத் தேடுவதையே வாழ்நாள் வேலையாகக் கொண்டவர்கள் உண்டு. டோனி பட்லர் என்ற எழுத்தாளர் பிரிட்டனின் கட்டப்படாத போர் விமானங்களைப் பற்றியே தொகுதி தொகுதியாக எழுதியிருக்கிறார். ஆவணக் காப்பகத்தில் ஒரு மூன்று கோண வரைபடம் கிடைத்தால் இந்த ஆய்வாளர்களுக்குப் புதையல் கிடைத்த மாதிரி. மேலிருந்து, பக்கத்திலிருந்து, முன்னாலிருந்து மூன்று பார்வைகள். ஓரத்தில் எடைப் பட்டியல். மூலையில் தேதியும் வரைந்தவரின் கையெழுத்தும். தேதியை வைத்து இது நிஜத் திட்டமா, டெண்டருக்காக அவசரமாகத் தீட்டியதா, போருக்குப் பிறகு யாரோ கற்பனையில் வரைந்ததா என்று பிரித்துவிடுவார்கள். பிரிட்டனின் ஏவ்ரோ 730 வரைபடத்தைப் பார்த்தால் இந்த மோகம் எதற்கென்று புரியும். ஒலியைவிட இரண்டரை மடங்கு வேகத்துக்காக வரைந்த ஒல்லியான உடம்பு. விமானிக்கு முன்னால் கண்ணாடி கிடையாது. நீர்மூழ்கிக் கப்பல் போல ஒரு பெரிஸ்கோப்பை நீட்டித்தான் வெளியே பார்க்க வேண்டும். 1957-இல் பிரிட்டிஷ் பாதுகாப்புத் துறையின் வெள்ளை அறிக்கை வந்தது, திட்டம் ரத்தானது.

கோடுகள் அழகு, உழைப்பு நிஜம், கொலை நடக்கவில்லை. அப்படியென்றால் இதில் அறக்கேள்விக்கு என்ன வேலை? யாரும் சாகாத ஆயுதத்துக்குப் பாவம் உண்டா?

இந்தக் கேள்வியை ஒரு கோழியை வைத்துக் கேட்ட காப்பியம் தமிழில் இருக்கிறது. ஐஞ்சிறுகாப்பியங்களில் ஒன்றான யசோதர காவியம். மன்னன் யசோதரன் மனக்கலக்கத்தில் இருக்கிறான். தாய் சந்திரமதி, தேவிக்கு உயிர்ப்பலி கொடுத்தால் தீங்கு விலகும் என்கிறாள். உயிரைக் கொல்ல மாட்டேன் என்று மகன் மறுக்கிறான். அப்படியானால் மாவினால் ஒரு கோழி செய்து அதையாவது வெட்டு என்கிறாள் தாய். மன்னன் இணங்குகிறான். மாவுக் கோழி வெட்டுப்படுகிறது. ஒரு சொட்டு ரத்தம் இல்லை. ஆனால் சமணக் காப்பியம் அவனை விடுவதாக இல்லை. மகன் மயிலாகவும் தாய் நாயாகவும் தொடங்கி, இருவரும் விலங்குப் பிறவிகள் பலவற்றில் உழன்று வதைபடுகிறார்கள்.

சமணம் இம்சையை இரண்டாகப் பிரிக்கிறது. உடம்பை வருத்துவது திரவிய இம்சை. மனத்தில் கொல்லும் எண்ணம் எழுவது பாவ இம்சை. இங்கே ‘பாவ’ என்பது பாவனையைக் குறிக்கும் வடசொல். ஆனால் தமிழ் எழுத்தில் அதுவும் குற்றத்தைச் சொல்லும் பாவமும் ஒரே மாதிரிதான் நிற்கின்றன. பௌத்தமும் எண்ணத்தைத்தான் வினை என்கிறது. பிறர் பொருளைத் திருடலாம் என்று மனத்தால் நினைப்பதே தீது என்று வள்ளுவரும் கள்ளாமை அதிகாரத்தில் சொல்லிவிட்டார்.

இந்தத் துலாக்கோலில் வெள்ளிப் பறவையை வைத்துப் பார்க்கலாம். யசோதரனாவது கொல்ல மனமின்றிப் பொய்க்கோழியைத் தேர்ந்தான். சேங்கரின் அறிக்கையில் அப்படியொரு தயக்கம் தெரியவில்லை. விமானம் எழாமல் போனதற்கு அவருடைய மனமாற்றம் காரணமல்ல. போர் நெருக்கடியில் 1942-லேயே அவருடைய ராக்கெட் ஆய்வு நின்றுபோயிருந்தது. அத்தனை பெரிய இன்ஜினைச் செய்யும் வசதி அப்போதைய ஜெர்மனிக்கு இல்லை.

இன்னொரு திருப்பமும் உண்டு. போருக்குப் பிறகு கணக்குகளைச் சரிபார்த்தவர்கள், காற்று மண்டலத்தை மீண்டும் தொடும்போது எழும் வெப்பம் குறைவாக மதிப்பிடப்பட்டிருந்ததைக் கண்டார்கள். கூடுதல் வெப்பக் கவசம் இல்லாமல், வரைந்தபடியே கட்டியிருந்தால் முதல் தத்தலிலேயே பறவை கருகியிருக்கும். அந்தத் தாளில் இருந்த பறவை நியூயார்க்கை எட்டியிருக்காது. அது அவர்களுக்குத் தெரியாது. தெரியாமல் ஒரு நகரத்தின் தெருக்களைக் குறிவைத்துக் கணக்குப் போட்டார்கள். ஆயுதம் பலிக்காது என்பதால் எண்ணத்தின் கனம் குறையுமா? காவியத்தின் பதில் தெளிவானது: குறையாது.

ஆனால் கதை அங்கே முடிவதில்லை. நெற்றியடியாகக் கேட்கும் மறுகட்சிக்காரரும் ஒருவர் வேண்டும். அவரைச் சாங்கியத்திலும் சைவ சித்தாந்தத்திலும் தேடலாம். எள்ளில் எண்ணெய் இருப்பதுபோலக் காரியம் காரணத்துக்குள்ளேயே இருக்கிறது என்பது இவர்களுடைய சற்காரியவாதம். அப்படியானால் அந்த அறிக்கைக்குள் குண்டு மட்டுமா இருந்தது?

போர் முடிந்ததும் பிரதிகள் வெற்றி பெற்றவர்களின் கைக்குப் போயின. சேங்கரைத் தேடிக் கொண்டுவர ஸ்டாலின் ஆள் அனுப்பினார் என்று, பின்னர் பிரிட்டனில் தஞ்சம் புகுந்த சோவியத் அதிகாரி டோகாயெவ் எழுதினார். சேங்கரும் பிரெட்டும் அதற்குள் பிரான்ஸில் வேலைக்குச் சேர்ந்திருந்தார்கள். அமெரிக்காவில், வி-2 ராக்கெட் திட்டத்தை நடத்திய ராணுவ அதிகாரி டோர்ன்பெர்கர் பெல் நிறுவனத்தில் சேர்ந்து அதே யோசனையை முன்வைத்தார். அந்த வழியில் வந்ததுதான் எக்ஸ்-20 டைனா-சோர். முதலில் தேர்வான விமானிகளில் நீல் ஆம்ஸ்ட்ராங்கும் ஒருவர். காற்று மண்டலத்துக்குள் திரும்பும் சூட்டை ரப்பர் சக்கரம் தாங்காது என்று கம்பித் தூரிகை போன்ற சறுக்குப் பட்டைகள் வரை யோசித்து வைத்திருந்தார்கள். இது எதற்கு என்ற கேள்விக்கு மட்டும் விடை நிலைக்கவில்லை; குண்டுவீச்சு, வேவு, ஆராய்ச்சி என்று மாறிக்கொண்டே இருந்தது. சுமார் 41 கோடி டாலர் செலவான பிறகு, 1963 டிசம்பர் 10 அன்று பாதுகாப்பு அமைச்சர் மக்நமாரா திட்டத்தை நிறுத்தினார்.

சோவியத் பக்கத்தில் ‘ஸ்பிரால்’ என்ற ராணுவ விண்விமானத் திட்டமும் முழு உருவம் பெறவில்லை. ஆனால் அதன் வடிவில் செய்த பார்-4 என்ற சிறு மாதிரி 1982-இலும் 1983-இலும் விண்ணுக்குப் போய் இந்தியப் பெருங்கடலில் இறங்கியது. மீட்புக் கப்பல் அதைத் தூக்கும்போது ஆஸ்திரேலிய விமானம் ஒன்று படம் எடுத்தது. அந்தப் படங்களை வைத்து நாசாவின் லாங்லி மையம் எச்எல்-20 என்ற வடிவத்தை ஆராய்ந்தது. விண்வெளி நிலையத்துக்குச் சரக்கு கொண்டுபோக உருவான ‘ட்ரீம் சேசர்’ அதன் வாரிசு. போருக்காகத் தீட்டிய கோடு, ஒரு தலைமுறை தாண்டிச் சரக்கு வண்டியாக முளைத்தது. எள்ளுக்குள் எண்ணெய் இருந்தது உண்மைதான்.

எனினும் சற்காரியவாதம் இங்கே ஓரளவுக்குத்தான் கைகொடுக்கும். பின்னால் விளைந்த நன்மை வரைந்தவரின் நோக்கத்தைத் திருத்தி எழுதாது. சமணத்தில் இன்னொரு கூரான பாகுபாடு இருக்கிறது: தீவினையைத் தானே செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், செய்வதற்கு உடன்படுதல். மூன்றும் வினைதான். சேங்கரும் பிரெட்டும் முதல் இரண்டுக்குள் வரலாம். மூன்றாவது, வரைபடத்தின் முன் உட்கார்ந்து இறக்கையின் வளைவை வியந்துகொண்டிருக்கும் இன்றைய ஆய்வாளரை நோக்கித் திரும்புகிறது. வெள்ளிப் பறவைக்குப் பிளாஸ்டிக் மாதிரிகள் வந்திருக்கின்றன, வண்ண ஓவியங்கள் வந்திருக்கின்றன. அவற்றில் பறவை நட்சத்திரங்களுக்கு நடுவே பளபளக்கிறது. கீழே எந்த நகரமும் இல்லை.

வியப்பதே உடன்பாடு ஆகிவிடாது. ஒரு பொறியியல் சாதனையைப் பார்த்து மலைப்பதும் அறிவின் வேலைதான். ஆய்வாளர்கள் இல்லாவிட்டால் அந்த 400 பக்கமும் செல்லரித்துப் போயிருக்கும். அதோடு மன்ஹாட்டன் படமும் மறைந்திருக்கும். இறக்கையின் வளைவை மட்டும் வெட்டி எடுத்து, அது எதைச் சுமக்க வரையப்பட்டது என்ற பக்கத்தை விட்டுவிடும்போதுதான் வியப்பு உடன்பாடாக மாறத் தொடங்குகிறது. எனவே கட்டப்படாத போர் விமானத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் மூன்று கோண வரைபடத்துக்குப் பக்கத்திலேயே குண்டின் எடையையும் குறிவைத்த ஊரின் பெயரையும் அச்சிட வேண்டும். தேதியையும் எடையையும் அத்தனை கறாராகச் சரிபார்க்கிறவர்களுக்கு அது பெரிய வேலையல்ல.

டைனா-சோர் நிறுத்தப்பட்டுச் சரியாக இரண்டு மாதம் கழித்து, 1964 பிப்ரவரி 10 அன்று, ஓய்கன் சேங்கர் பெர்லினில் இறந்தார். 1980-களில் மேற்கு ஜெர்மனி ஒரு விண்விமானத்தைத் திட்டமிட்டு அதற்கு அவருடைய பெயரையே வைத்தது. ஓடுபாதையிலிருந்து எழும் அந்த விமானம் சுமக்க இருந்தது ஆட்களையும் செயற்கைக்கோள்களையும். 1990-களின் நடுவில் அந்தத் திட்டமும் கைவிடப்பட்டது.