இறந்தார் என்று யார் சொல்வது?

இலங்கையின் வன்னியில் வீடு வீடாகச் செல்லும் உளவளத்துணையாளர் சந்திக்கும் அறச்சிக்கல்களில் மிகக் கடினமானது, காணாமல் ஆக்கப்பட்டவரின் வீட்டில் எழுவது. 2009 மே மாதத்தில் போர் முடிந்தபோது சரணடைந்தவர்கள், இராணுவத்திடம் உறவினரே கையளித்தவர்கள், ஷெல்லடிக்கு நடுவே பிரிந்து போனவர்கள் எனப் பலர் பின்னர் திரும்பவேயில்லை. அதற்கு முந்தைய ஆண்டுகளில் தொலைந்தவர்களும் உண்டு. இவர்களைத் தேடும் தாய்க்கும் மனைவிக்கும் நித்திரை இல்லை, நெஞ்சு நோகிறது, சாப்பாடு இறங்குவதில்லை. அந்த நோவைத் தணிக்க வந்தவர், ‘இனி வரமாட்டார், ஏற்றுக்கொள்ளுங்கள்’ என்று சொல்லலாமா?

சாதாரணச் சாவுக்கு ஊரிடம் ஒரு ஒழுங்கு இருக்கிறது. பிரேதத்தைச் சுற்றி ஒப்பாரி எழும். எட்டுச் செலவு நடக்கும். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி, பிறகு ஆண்டுத் திவசம் என்று, போனவரை இருப்பவர்களிடமிருந்து சிறிது சிறிதாகப் பிரித்துவிடுவார்கள். உடலும் இல்லை, நாளும் தெரியாது என்றால் இதில் எதையும் தொடங்க முடியாது. அமெரிக்க ஆய்வாளர் போலின் பொஸ், வியட்நாம் போரில் காணாமற்போன விமானிகளின் குடும்பங்களை 1970களில் ஆராய்ந்தபோது இந்நிலையைக் கண்டு ‘தெளிவற்ற இழப்பு’ என்று பெயரிட்டார். இத்தகைய குடும்பத்தவரின் மனம் பழுதானது என்று கொள்ளக்கூடாது, அவர்கள் மாட்டிக்கொண்ட நிலைமையே பழுதானது என்பது அவர் வாதம். சிகிச்சையால் மட்டும் இது தீராது என்பது இதிலேயே அடங்கியிருக்கிறது.

ஏற்கச் சொல்வதற்கும் வலுவான நியாயம் உண்டு. காத்திருப்பு வீட்டையே தின்கிறது. சாத்திரி ஒருவர் ‘உயிரோடு இருக்கிறார், வடக்குத் திசையில்’ என்பார். முகாமில் பார்த்ததாகச் சொல்லிக் காசு பறிக்க ஒருவர் வருவார். நகை அடகுக்குப் போகும். வீட்டிலிருக்கும் பிள்ளைகள், இல்லாத பிள்ளைக்குப் பின்னால் இரண்டாமிடத்தில் வளர்வார்கள். இதை ஆண்டுக்கணக்கில் பார்க்கும் துணையாளருக்கு, ஒரு முடிவு கிடைத்தால் போதும் என்று தோன்றுவது இரக்கத்தால்தான்.

ஆனால் அவருக்குத் தெரியாது. இறந்தார் என்பது அவர் கண்டறிந்த உண்மையல்ல, நிகழ்தகவு பற்றிய ஊகம். அந்த ஊகத்தை நம்பித் தாய் அந்தியேட்டி செய்துவிட்டால், தன் பிள்ளையைத் தானே சாகடித்ததாக அவள் உணரக்கூடும். அந்தக் குற்றவுணர்வை எந்த உளவளத்துணையும் எளிதில் எடுத்துவிடாது. இதைவிடச் சங்கடமான ஒன்றும் உண்டு. 2020 ஜனவரியில் அன்றைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச, காணாமற்போனவர்கள் உண்மையில் இறந்துவிட்டார்கள் என்றும், விசாரணைக்குப் பின் மரணச் சான்றிதழ் வழங்கப்படும் என்றும் ஐ.நா. பிரதிநிதியிடம் கூறினார். எங்கே, எப்படி, யார் கையில் என்பது சொல்லப்படவில்லை. 2022இல் குடும்பம் ஒன்றுக்கு ஒரு இலட்சம் ரூபாய் என்று அமைச்சரவை அறிவித்தபோது, விலை பேசுகிறார்கள் என்று உறவினர்கள் அதைத் தள்ளினார்கள். இப்படிப்பட்ட சூழலில் துணையாளர் எவ்வளவு அன்போடு ‘மறந்து வாழுங்கள்’ என்றாலும், கேட்பவளின் காதில் அது அரசின் குரலாகவே விழும். குணப்படுத்தல் நீதிக்கு மாற்றாகிவிடுகிறது.

எதிர்த்திசையிலும் பிழை நேரலாம். 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில் உறவினர்கள் தொடங்கிய போராட்டம் ஆண்டுக்கணக்கில் நீண்டது. அந்தப் போராட்டப் பந்தலில் பலருக்குக் கிடைத்த துணையை எந்த ஆலோசனை அறையும் தந்திராது. இதை ஒப்புக்கொள்ளத் துறைசார்ந்தவர்கள் தயங்கக் கூடாது. ஆயினும், பந்தலுக்கு வருவதை நிறுத்திவிட்டு வீட்டில் ஒரு விளக்கேற்ற விரும்பும் பெண்ணை, ‘கைவிட்டவள்’ என்று ஊர் பார்க்கும். துணையாளரும் அப்படிப் பார்த்தால், நம்பிக்கையை ஒரு கடமையாக அவள் தலையில் ஏற்றியவராவார். இரண்டில் முதற்பிழையே பாரமானது: காத்திருப்பவள் நாளை மனம் மாறலாம், செய்துமுடித்த கிரியையை மீளப்பெற முடியாது.

துணையாளர் அந்த ஊர்க்காரராக இருப்பது உதவியும் இடைஞ்சலுமாகிறது. பேச்சு புரியும், சடங்கு தெரியும். அவருடைய வீட்டிலேயே ஒருவர் காணாமற் போயிருக்கலாம். ஆனால் நிறுவனத்தின் வாகனம் படலையடியில் நின்றாலே அயலுக்குச் சேதி போய்விடும். புலனாய்வுத் துறையினர் வந்து விசாரித்துப் பழகிய வீடுகளில், குறிப்பேட்டில் என்ன எழுதப்படுகிறது, அது யார் மேசைக்குப் போகிறது என்ற பயம் நியாயமானது. ஆகவே பெயரும் சம்பவமும் எழுதாமல் விடுவது பல வேளைகளில் சோம்பல் அல்ல, கடமை. தானாகச் சொல்லாதவரிடம் ‘நடந்ததைச் சொல்லுங்கள்’ என்று தோண்டுவதும் தவறு. அதிர்ச்சிக்குப் பின் ஒரே அமர்வில் எல்லாவற்றையும் சொல்லவைக்கும் முறை நோயைத் தடுப்பதில்லை, சிலருக்குத் தீங்கும் செய்யலாம் என்பது 2002இல் வெளியான கொக்ரேன் மீளாய்வின் முடிவு. திட்டக் காலம் முடிந்ததும் போய்விடுகிறவர் காயத்தின் வாயைத் திறந்துவிட்டு மூடாமல் போகிறார்.

அப்படியானால் செய்யக்கூடியது என்ன? சர்வதேச செஞ்சிலுவைக் குழு இலங்கையில் நடத்திய துணைநிற்றல் திட்டத்தில், காணாமற்போனோரின் குடும்பத்தினர் சிறு குழுக்களாகக் கூடினார்கள். பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர்கள் உடனிருந்தார்கள். ‘இறந்திருக்கலாம், இருக்கவும் கூடும்’ என்ற இரண்டையும் ஒருசேரத் தாங்கப் பழகுவது பொஸ் காட்டிய வழி. கேட்க அது தர்க்கமற்றதாகப் படலாம். உண்மை தெரியாதபோது அதுவே நேர்மையான கூற்று.

ஒரே வீட்டில் இரண்டு பேர் இரண்டு விதமாக நினைத்தால் சிக்கல் கூடும். தாய் தினமும் மகனுக்குச் சோறு எடுத்து வைக்கிறாள். மருமகளுக்கு முப்பது வயது, பொட்டு வைப்பதா அழிப்பதா என்பதே தெரியவில்லை, மறுமணம் பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார். யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் 2007இல் எழுதிய கட்டுரையில், போரின் வடு தனியாளில் மட்டும் நிற்பதில்லை, குடும்பத்தையும் சமூகத்தையும் கூட்டாகப் பாதிக்கிறது என்று விளக்கினார். அதை ஏற்றால் குடும்பம் முழுவதும் துணையாளரின் பொறுப்பு. ஆனால் குடும்பத்தின் பெயரால் மருமகளைக் காத்திருக்கச் சொல்வது, வலிமையானவரின் விருப்பத்துக்கு உளவியல் முத்திரை குத்துவதாகும். கிரியை செய்வது தாயின் முடிவு, மீண்டும் வாழ்க்கையைத் தொடங்குவது மருமகளின் முடிவு என்று இரண்டையும் பிரித்துப் பேசலாம். 2016இல் சட்டமான, ஆள் காணப்படவில்லை என்று மட்டும் கூறும் சான்றிதழ் இங்கே கொஞ்சம் உதவும்: சாவை யாரும் ஒப்புக்கொள்ளாமலே சொத்து, வங்கி அலுவல்களைக் கவனிக்க அது இடமளிக்கிறது.

பொறுமையாக உடனிருத்தல் எல்லா வேளைக்கும் பொருந்தாது. உயிரை விடும் எண்ணம் தெரிந்தால், பிள்ளை பட்டினி கிடந்தால், வீட்டில் அடி உதை நடந்தால், இரகசியம் காப்பதாகத் தந்த வாக்கைத் துணையாளர் மீறித்தான் ஆகவேண்டும்; மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கோ சிறுவர் நன்னடத்தை அலுவலருக்கோ அறிவிக்க வேண்டும். இந்த விதிவிலக்குகளை முதற்சந்திப்பிலேயே, எதையும் கேட்பதற்கு முன், அந்தப் பெண்ணுக்குச் சொல்லிவிட வேண்டும்.