ஞாயிற்றுக்கிழமை பூட்டிய கடை

வாரக் கடைசியில்தான் உணவகங்களின் கல்லாப்பெட்டி நிறையும். ஆனாலும் ஞாயிறுதோறும் தன் உணவகத்தைப் பூட்டிவிட்டு தேவாலயத்துக்குப் போனார் ட்ரூயெட் கேத்தி.

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் 1921-ல் பிறந்தவர். அம்மா வீட்டில் ஆட்களைத் தங்கவைத்து, சமைத்துப் போட்டுக் குடும்பத்தை ஓட்டினார். அடுப்படி வேலை மகனுக்குப் பழகியது அங்கேதான். 1946-ல் சகோதரர் பென்னுடன் சேர்ந்து, அட்லாண்டா அருகே ஹேப்வில்லில் சின்ன உணவகம் ஒன்றைத் தொடங்கினார். ஆறு நாள் இரவு பகலாக அடுப்பு எரியும். ஏழாம் நாள் ஓய்வு. அந்த ஓய்வுக்குப் பக்தியோடு அசதியும் ஒரு காரணம்!

1949-ல் ஒரு விமான விபத்து பென் உட்பட அவருடைய சகோதரர்கள் இருவரைப் பறித்துக்கொண்டது. ட்ரூயெட் தனியாகக் கடையை நடத்தினார்.

விமானப் பயணிகளின் உணவுத் தட்டுக்கு அளவு பொருந்தாத எலும்பில்லாக் கோழித் துண்டுகள் அவரிடம் வந்தன. அவற்றைப் பொரித்து பன்னுக்குள் வைத்தார். 1967-ல் 'சிக்-ஃபில்-ஏ' உணவகம் பிறந்தது.

கிளைகள் நூற்றுக்கணக்கில் பெருகின. முதலாளியோ பதின்மூன்று வயதுப் பையன்களுக்கு ஞாயிறு பள்ளி வகுப்பெடுப்பதை நிறுத்தவே இல்லை. அரை நூற்றாண்டுக்கு மேல் எடுத்தார். ஆதரவற்ற குழந்தைகளுக்கு வளர்ப்பு இல்லங்களும் அமைத்தார்.

நிறுவனத்தைப் பங்குச் சந்தைக்குக் கொண்டுபோவதில்லை என்று பிள்ளைகள் மூவரும் அவருக்கு எழுதிக் கொடுத்தார்கள். 2014-ல், 93 வயதில் அவர் மறைந்தார். 2021-ல் தலைமைப் பொறுப்பேற்றவர் அவருடைய பேரன்.