பொங்குமாங்கடல்

எழுப்புதல் கூட்டம் ஒன்றின் மூன்றாம் நாள் இரவு, பிரசங்கத்தின் நடுவில் என் குரல் நின்றுபோனது. ஒரு மாதம் வாய் திறக்கக் கூடாது என்றார் மருத்துவர். அந்த மாதத்தைத் தென்காசியில் கழித்தேன். தொண்டை தேறிவிட்டது, மனம் தேறவில்லை. இத்தனை வேலை கிடக்கும்போது அருவிக்கரையில் உட்கார்ந்திருப்பவன் ஊழியக்காரனா என்ற கேள்வி பல ஆண்டுகள் என்னை அரித்தது. அன்று எனக்குள் கேட்டதைச் சீடன் வாயிலும், மெல்ல மெல்லத் தெளிந்ததைக் குருவின் வாயிலும் வைத்து எழுதுகிறேன்.

ஆனி மாதம், குற்றாலம். பேரருவிக்கு எதிரே ஈரப் படிக்கட்டு. சீடன் அன்று காலை பொதிகை எக்ஸ்பிரஸில் தென்காசியில் வந்து இறங்கியவன்.

சீடன்: வரச் சொன்னீர்கள், வந்துவிட்டேன் ஐயா. ஆனால் நாளை மாலை நாகர்கோவிலில் கூட்டம். ஞாயிறு மதுரை. பத்திரிகைக்கு இந்த மாதக் கட்டுரை ஒரு வரிகூட எழுதவில்லை. ரயிலில் எழுதலாம் என்று நோட்டை எடுத்தேன், கண் அசந்துவிட்டது.

குரு: அசந்ததற்காக வருத்தப்படுகிறாயா?

சீடன்: ஆமாம் ஐயா.

குரு: சரி, அருவியைப் பார். உச்சியிலிருந்து விழுகிற தண்ணீர் நேரே கீழே வருகிறதா?

சீடன்: இல்லை. பாதியில் ஒரு பாறைக் குழிக்குள் விழுந்து, பொங்கி, அப்புறம்தான் வருகிறது.

குரு: அந்தக் குழிதான் பொங்குமாங்கடல். மேலிருந்து வரும் வேகத்தோடு அப்படியே தலையில் இறங்கினால் யார் தாங்குவார்? அந்தப் பள்ளத்தில் விழுந்து, நிறைந்து, வேகத்தை அங்கேயே இறக்கி வைத்துவிட்டு விளிம்பு வழியே வழிகிறது. அதனால்தான் அதோ, அந்தச் சிறுவன் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு முதுகைக் கொடுத்து நிற்கிறான். உன் பிரசங்கத்துக்குக் கீழே ஒரு சிறுவன் நிற்க முடியுமா, தம்பி?

சீடன்: நான் ஓய்வெடுத்தால் காணிக்கை அனுப்புகிறவர்கள் என்ன நினைப்பார்கள்?

குரு: அவர்கள் கர்த்தருக்குக் கொடுத்தார்கள். வேறு கேள்.

சீடன்: சரீர இளைப்பைப் பார்த்தால் சிலுவை சுமப்பது எப்படி?

குரு: சிலுவை அவர் கொடுப்பது. நீ டைரியில் எழுதி நிரப்புவதற்கு அந்தப் பெயர் வைக்காதே. இதுவல்ல உன்னை அரிப்பது. அதைச் சொல்.

சீடன்: மாற்கு ஆறாம் அதிகாரம், ஐயா. இயேசு சீடர்களைத் தனியிடத்துக்கு இளைப்பாற அழைத்துப்போனார், உண்மைதான். ஆனால் ஜனங்கள் கரை வழியே ஓடி அவர்களுக்கு முன்னே போய் நின்றார்களே! அவர் படகைத் திருப்பவில்லை. மனதுருகினார், போதித்தார், அப்பம் கொடுத்தார். தேவை வந்து நின்றால் ஓய்வு தள்ளிப்போக வேண்டும் என்பதுதானே பாடம்? டோனாவூர் ஏமி கார்மைக்கேல் அம்மாவைப் பாருங்கள். 1895-ல் இந்தியாவுக்கு வந்தவர் 1951-ல் இறக்கும்வரை ஒருமுறைகூடத் தாய்நாடு திரும்பவில்லை. அந்த அம்மா எடுக்காத விடுப்பை நான் எடுக்கவா?

குரு: நல்ல கேள்வி. இதே கேள்வியோடு நானும் இந்தப் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறேன். நீ கதையை அப்பத்தோடு நிறுத்திவிட்டாய். அதற்கு முன்னாலிருந்து வாசி. யோவான் ஸ்நானனின் தலையை வெட்டிவிட்டார்கள். அவருடைய சீடர்கள் இப்போதுதான் உடலை அடக்கம் செய்திருக்கிறார்கள். பன்னிருவரும் ஊர் ஊராகப் போய்த் திரும்பி, செய்ததையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். வருகிறவர்களும் போகிறவர்களுமாய்ச் சாப்பிடக்கூட நேரமில்லை. துக்கமும் களைப்பும் பசியும் ஒன்றாகக் கூடிய வேளை அது. அப்போதுதான் அந்த அழைப்பு வருகிறது. கூட்டம் முந்திக்கொண்டது, மெய். அவர் இரங்கியதும் மெய். ஆனால் மீதியான அப்பத் துணிக்கைகளைப் பன்னிரண்டு கூடை நிறைய எடுத்தபிறகு என்ன செய்தார்? உடனே சீடர்களைத் துரிதப்படுத்திப் படகில் ஏற்றினார். ஜனங்களை அனுப்பிவிட்டார். தனியே மலைக்குப் போனார், ஜெபிக்க. ஓய்வு தள்ளிப்போனது சில மணி நேரம், ரத்தாகவில்லை. நீ தள்ளிவைத்தது எத்தனை வருஷம்?

யோவான் சுவிசேஷம் இன்னொன்றையும் சொல்கிறது: அந்த ஜனங்கள் அவரைப் பிடித்து ராஜாவாக்கப் பார்த்தார்கள். கூட்டம் குறைந்ததால் அவர் விலகவில்லை. கூட்டம் உச்சத்தில் இருக்கும்போது விலகினார். எனக்கு இதுதான் பல நாள் விளங்காமல் இருந்தது. விளங்கவைத்தது இந்த அருவி. அதோ பார், பாதுகாப்பு வளைவு. தண்ணீர் அந்த வளைவைத் தாண்டி விழ ஆரம்பித்தால் போலீஸ்காரர் விசிலடித்து எல்லாரையும் வெளியேற்றிவிடுவார். தண்ணீர் இல்லாத நாளில் யாருக்கும் ஆபத்தில்லை. மேலே காட்டில் கொட்டித் தீர்க்கும் நாளில், பொங்குமாங்கடலுக்கே அடங்காமல் வருகிற நாளில்தான் அது கல்லையும் மரக்கட்டையையும் உருட்டிக்கொண்டு வருகிறது. நம் ஊழியமும் அப்படித்தான். ஓடாத காலத்தில் அது யாரையும் காயப்படுத்துவதில்லை. ஓகோவென்று ஓடும்போதுதான் வீட்டில் மனைவி மேல் கல் விழுகிறது, உடன் ஊழியன் மேல் கட்டை விழுகிறது. மேடையில் நிற்கிறவனுக்கு அந்தச் சத்தம் கேட்பதில்லை.

கார்மைக்கேல் அம்மா கதைக்கு வருகிறேன். அவர் கப்பலேறவில்லை, சரி. ஆனால் 1917-ல் டோனாவூருக்கு மேற்கே மலையில் ஒரு காட்டை வாங்கினாரே, அது எதற்கு? கிரே ஜங்கிள் என்று அதற்குப் பெயர். அங்கே வீடு கட்டி, வெயில் காலத்தில் தாம் வளர்த்த பிள்ளைகளையும் உடன் ஊழியர்களையும் கூட்டிப்போனார். பிள்ளைகள் சுனையில் நீந்தினார்கள். விடுப்பு எடுக்காதவர், ஆனால் மலைமேல் ஒரு பள்ளத்தை வெட்டி வைத்துக்கொண்டவர். 1931-ல் விழுந்து அடிபட்டபின் கடைசி இருபது ஆண்டுகள் பெரும்பாலும் அறைக்குள்ளேயே கழிந்தன. அந்த அறையிலிருந்தும் நூல்கள் வந்துகொண்டே இருந்தன.

எழுத்து என்றால் கால்டுவெல் ஐயரையும் நினைத்துக்கொள். இடையன்குடியின் மணல் காட்டில் ஆண்டுக்கணக்காகத் திரட்டியதுதான் சரக்கு. ஆனால் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் 1856-ல் லண்டனில் வெளிவந்தபோது அவர் விடுப்பில் ஊர் போயிருந்தார். ஓடிக்கொண்டே சேர்க்கலாம், சேர்த்தது நூலாக வேண்டுமானால் எங்கேயாவது உட்காரத்தான் வேண்டும். இதோ, இந்த அருவியோரத்து மேலகரத்தில் இருந்த திரிகூட ராசப்பக் கவிராயரின் குறவஞ்சியை மாதிரியாக வைத்துத்தான், நம் திருநெல்வேலியில் பிறந்து தஞ்சாவூரில் வாழ்ந்த வேதநாயக சாஸ்திரியார் பெத்லகேம் குறவஞ்சி பாடினார். குற்றாலத் தண்ணீர் பெத்லகேம் வரைக்கும் பாய்ந்திருக்கிறது! எவ்வளவு ஊறியிருந்தால் அவ்வளவு தூரம் போகும்! ரயில் பெட்டியில் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு, பழைய பிரசங்கத்தைத் திருப்பி எழுதுகிற கட்டுரை பக்கத்து ஊருக்குக்கூட எட்டாது. வாசகர்கள் சொல்ல மாட்டார்கள், அவர்களுக்குத் தெரியும்.

ஓய்வு என்று நாம் செய்வதையும் சொல்லிவிடுகிறேன். தியானக்கூட்டம் என்று மலைக்குப் போகிறோம். அங்கே காலையில் இரண்டு செய்தி, மதியம் கலந்துரையாடல், இரவு சாட்சி, நடுவில் போன். இறங்கி வரும்போது போனதைவிடக் களைப்பு. அது பள்ளமல்ல, இன்னொரு அருவி. பள்ளத்தில் தண்ணீர் எந்த வேலையும் செய்வதில்லை, நிறைகிறது, அவ்வளவுதான். நிறைய விடுவதற்கு எனக்கு வெகுகாலம் பயமாக இருந்தது. சும்மா உட்கார்ந்தால், நான் இல்லாமலே தேவனுடைய வேலை நடப்பதைப் பார்க்க நேருமே என்ற பயம். அதைப் பார்த்தபிறகுதான் எனக்கு ஜெபம் திரும்பி வந்தது.

பவுலைவிட ஓடியவர் யார்? துரோவாவில் அவர் நடுராத்திரி வரைக்கும் பிரசங்கித்தார். ஐத்திகு தூங்கி மாடியிலிருந்து விழுந்தான். அவனை எடுத்து நிறுத்தியபின்பும் விடியுமட்டும் பேசினார். காலையில் கப்பல் தயார். உடன் வந்தவர்களெல்லாம் ஏறினார்கள். பவுல் ஏறவில்லை. நீங்கள் போங்கள், ஆசோன் பட்டணத்தில் என்னை ஏற்றிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுக் கரைவழியாய் நடந்தார். ஏறத்தாழ 30 கிலோமீட்டர். இராமுழுவதும் தூங்காத மனிதர், கப்பலில் படுத்துக்கொண்டே போயிருக்கலாம். அவர் நடந்தார். வழியில் என்ன பேசினார், யாரோடு பேசினார் என்று லூக்கா எழுதவில்லை. லூக்கா கப்பலில் இருந்தார்.