அந்தச் சட்டம் முன்னரே வந்திருந்தால்?

ஜாதவ்பூருக்கு வடமேற்கே சில கல் தொலைவில், ஹூக்ளி நதிக்கரையில் கிடர்ப்பூரும் கார்டன் ரீச்சும் இருக்கின்றன. கடல் கடந்த கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிச் சென்ற கப்பல்கள் இந்நதியினின்றே புறப்பட்டன. 1834-இல் மொரிஷியஸ் சென்ற முதற் கூட்டத்தினர் 36 பேரே. பின்னர் கல்கத்தா, சென்னை, பம்பாய்த் துறைமுகங்களிலிருந்து அத்தீவுக்குச் சென்றோர் ஏறத்தாழ 4½ இலட்சம். 1861-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலேயே அத்தீவின் மக்களுள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் இந்தியராயிருந்தனர். ஓர் ஏகாதிபத்தியம் தன் சர்க்கரையின் பொருட்டு ஒரு நாட்டின் ஜனத்தொகையையே முப்பதாண்டுக்குள் மாற்றிவிட்டது.

இது வேறு விதமாய் நடந்திருக்கக் கூடுமோ? சரித்திரத்தில் ‘அப்படி நிகழ்ந்திருந்தால்’ என்று கேட்பது வீண் என்பர் சிலர். காரணம் மாறினால் காரியமும் மாறும் என்று ஒப்புக்கொண்ட நமக்கு அது வீணன்று. ஆனால் கேள்வி யார் வாயினின்று எழுகிறது என்பதைக் கவனித்தல் வேண்டும். ‘வயலுக்கு ஆள் கிடைக்குமா?’ என்பது ஆண்டானின் கேள்வி. ‘எனக்கு எங்கே இடம்?’ என்பது அடிமையின் கேள்வி.

1833-இல் பிரிட்டிஷ் பார்லிமெண்டு அடிமை ஒழிப்புச் சட்டம் இயற்றியபோது, கிழக்கிந்தியக் கும்பினியாரின் நாடுகளும் இலங்கையும் செயிண்ட் ஹெலினா தீவும் அதனின்று விலக்கப்பட்டன. அதே ஆண்டில் கும்பினியின் பட்டயத்தைப் புதுப்பிக்க வந்த மசோதாவில், 1837 ஏப்ரல் மாதத்தோடு இந்தியாவில் அடிமைத்தனம் ஒழியவேண்டும் என்றொரு பிரிவு இருந்தது. பார்லிமெண்டில் எதிர்ப்பு எழவே அப்பிரிவு தேய்ந்து, அடிமைகளின் நிலையைத் தணிக்க வழி தேடுக என்று கவர்னர் ஜெனரலுக்குக் கூறும் வெறும் ஏவலாயிற்று. 1841-இல் இந்தியாவிலிருந்த அடிமைகள் 80 முதல் 90 இலட்சம் என்று பார்ட்டில் பிரீயர் என்னும் அதிகாரி மதிப்பிட்டார். ஏனைய குடியேற்ற நாடுகளில் அச்சட்டத்தால் விடுதலை பெற்றோரோ ஏறத்தாழ 8 இலட்சம். உலகம் கொண்டாடிய ஒழிப்பின் அளவு அவ்வளவே!

அந்த 1837-ஆம் ஆண்டுப் பிரிவு நிலைத்திருந்தால் நம் முன்னோர் கதி மாறியிருக்குமன்றோ என்று இளைஞர் கேட்கின்றனர். பெரிதும் மாறியிராது என்பதே நம் விடை. என்னெனின், 1843-இல் வந்த ஐந்தாவது சட்டம் என்ன செய்தது என்பதை நாம் அறிவோம். அடிமை மீது ஆண்டான் கொண்டாடும் உரிமையைக் கோர்ட்டு ஏற்காது என்றது. ஒரு குழி நிலமோ, ஓர் உழவு மாடோ, ஒரு மனைக்கட்டோ அது தரவில்லை. தஞ்சையில் நேற்றுவரை அடிமையாயிருந்தவன் மறுநாளும் அதே மிராசுதாரின் அதே வயலில், பண்ணையாள் என்ற பெயரோடு நின்றான். குடிசை மிராசுதாரின் மண்ணில்; கடன் மிராசுதாரின் கணக்கில். மனிதரை அடிமையாக வாங்குவதும் விற்பதும் குற்றம் என்ற தண்டனைச் சட்டம் 1862-இல் அமலுக்கு வந்தது. தஞ்சைக்குப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் கிடைத்தது 1952-இல். ஆகவே சட்டம் ஆறாண்டு முந்தியிருப்பின், வெளியேறத் துணிந்தவன் ஆறாண்டு முன்னதாகக் கப்பலேறியிருப்பான்.

பொருளுள்ள கேள்வி வேறொன்று. ஒழிப்புச் சட்டத்தோடு 2 கோடி பவுன் நஷ்டஈடாகக் கொடுக்கப்பட்டது; கொடுக்கப்பட்டது ஆண்டான்களுக்கு. அப்பணம் உழைத்தோர் கைக்குப் போயிருந்தால்? ஜான் கிளாட்ஸ்டன் என்னும் தோட்ட முதலாளி 2,500-க்கு மேற்பட்ட அடிமைகளுக்கென 1 இலட்சம் பவுனுக்கு மேல் பெற்றார். அவரே 1836-இல் கல்கத்தாக் கம்பெனி ஒன்றுக்கு ஆட்கள் வேண்டி எழுதினார். 1838-இல் விட்பி, ஹெஸ்பரஸ் என்னும் இரு கப்பல்கள் 396 பேரைப் பிரிட்டிஷ் கயானாவில் இறக்கின. மறு ஆண்டில் அதே கயானாவில், விடுதலை பெற்ற 83 பேர் தம் சேமிப்பைத் திரட்டி, கைவிடப்பட்ட தோட்டம் ஒன்றை விலைக்கு வாங்கி விக்டோரியா என்னும் கிராமத்தை நிறுவினர். நஷ்டஈடு இவர்களுக்குக் கிடைத்திருந்தால் அக்கடற்கரை நெடுக இத்தகைய கிராமங்கள் எழுந்திருக்கும். தோட்டக்காரரிடம் கப்பற்கூலிக்குக் காசும் இருந்திராது.

இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. அக்கப்பல்கள் போகாதிருந்தால் இன்று கயானாவிலும் டிரினிடாடிலும் நேட்டாலிலும் பிஜியிலும் வாழும் நம் உறவினர் பிறந்தே இரார். அநீதி நேராதிருந்திருக்கலாம் என்று விரும்புவது, அவர்கள் இல்லாதிருந்திருக்கலாம் என்று விரும்புவதாகாதா? ஆகாது என்பதே நம் துணிபு. பஞ்சத்தில் விற்கப்பட்ட குழந்தை பிழைத்துப் பேரப்பிள்ளைகளைக் கண்டால், அப்பிள்ளைகளைக் கொஞ்சுகிறோம். அதற்காக ஆளோலையை மெச்சுவதில்லை. செயலின் குற்றம் செய்தவன் எண்ணத்தில் இருக்கிறது. பின் வந்தோரின் மலர்ச்சி அவரவர் உழைப்பின் பயன். அதனைக் கிளாட்ஸ்டனின் பேரேட்டில் வரவு வைத்தல் தகாது. உபாசகன் செய்யலாகாத ஐந்து வாணிகங்களுள் மனித வாணிகத்தைப் பகவான் விலக்கியது, விற்கப்பட்டவனின் பேரன் நன்றாய் வாழ்ந்தால் தளர்ந்துபோகும் விதியன்று.

நிலம் ஒருவனுக்கு என்ன செய்யும் என்பதை ஜாதவ்பூரிலேயே காணலாம். பிஜய்கட் முதலிய காலனிகள், 1948 முதல் கிழக்கு வங்காள அகதிகள் யுத்தகாலப் பாசறைகளிலும் வெற்று நிலங்களிலும் தாமே குடியேறி எழுப்பியவை. அவர்களுட் பலர் படித்த மேல்வகுப்பினர். பிடித்த மண்ணை விடாது போராடி, பிற்காலத்தில் பட்டாவும் பெற்றனர். பின்னர் வந்த நாமசூத்திர உழவர்களோ பெருந்தொகையினராக, 1958 முதல் தண்டகாரண்யக் காடுகளுக்கு அனுப்பப்பட்டனர். கப்பலுக்குப் பதில் ரயில்!

தமிழகத்தில் இக்கேள்வியை ஆங்கில அதிகாரி ஒருவரே எழுப்பினார். செங்கற்பட்டுக் கலெக்டர் டிரெமென்ஹீர், நம்மவரின் நிலமின்மையை 1891-இல் தம் அறிக்கையில் விவரித்தார். 1892-இல், அதாவது ஐந்தாவது சட்டத்துக்கு 49 ஆண்டுகள் பின்னர், பஞ்சமி நிலம் வழங்க ஆணை பிறந்தது. பிறர் கைக்கு மாறலாகாது என்ற நிபந்தனையையும் மீறி அந்நிலத்தின் பெரும்பகுதி கைமாறிப்போயிற்று. அதை மீட்டுத் தருமாறு கோரி 1994 அக்டோபரில் அதே செங்கற்பட்டில் திரண்டவர்கள் மீது போலீசார் சுட்டனர், இருவர் மாண்டனர்.